சவரம் முடிந்த பிறகு

அம்மப்பாவின் சவரக்கத்தியை நான் ஒரே கிழமையில் கெடுத்துப்போட்டேன். அறுபது வருசமாக ஒரு புள்ளிகூட விழாமல் இருந்த கத்தி.

அவர் செத்து இரண்டு வருசத்துக்குப் பிறகு அலுமாரி லாச்சியை ஒதுக்கும்போது கிடைத்தது. மடிக்கிற கத்தி. கறுத்தக் கொம்புப் பிடி. அலகின் அடிப்பகுதியில் என்னவோ பொறித்திருந்தது, தேய்ந்துபோய், 'ஷெபீல்ட்' என்ற ஊர்ப்பெயர் மட்டும்தான் வாசிக்கக்கூடியதாக இருந்தது. எண்ணெய் ஊறிய பழைய சீலைத்துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்கள். நான் செய்த முதல் வேலை அந்தச் சீலையைத் தூக்கி எறிந்தது.

யூரியூப்பில் இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு, பழைய தோல்பெல்ட் ஒன்றில் தீட்டி, சேவ் எடுத்தேன். கன்னத்தில் இரண்டு வெட்டு. இருந்தாலும் பெரிய புளுகம். குழாயில் கழுவி, துவாயில் ஒற்றி, மடித்து, லாச்சிக்குள் வெறுமையாகக் கிடந்த தோலுறை ஒன்றுக்குள் போட்டுக் குளியலறைத் தட்டில் வைத்தேன். அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தால் அலகு முழுக்கச் செம்மண் தூவின மாதிரி கறள். விளிம்பில் நகத்தை வைத்தால் தடக்கியது.

எங்கள் சந்தியில் சலூன் வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். எழுபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதை எங்க வைச்சனீங்கள்?"

"பாத்ரூமில, ஐயா."

"ஈரத்தோட மடிச்சனீங்களோ?"

"துடைச்சுப்போட்டுத்தான் மடிச்சனான்."

"துடைக்கேல்ல, ஒத்தியிருக்கிறீங்கள். சேவ் எடுக்க எல்லாருக்கும் ஏலும் தம்பி. சேவ் முடிஞ்ச பிறகுதான் தொழில்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தில் இருந்துதான் வருகிறது. சவரத்தின் வரலாறு என்று தேடினால் தாடியின் வரலாறுதான் கிடைக்கிறது. எந்த அரசன் வழித்தான், எந்தப் படை வழித்தது, எந்த நூற்றாண்டில் மீசை வந்தது, எப்போது போனது. வழித்து முடிந்த பிறகு அந்தக் கத்தியை யார் கழுவியது, யார் துடைத்தது, யார் எண்ணெய் போட்டது என்று கேட்டால் புத்தகங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

முதலில் கத்திக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய சவரக்கத்திகள் கறள் பிடிக்காத உருக்கில் செய்தவை அல்ல. கரிமம் கூடிய உருக்கு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கரிமம். நல்ல கடினம் வரும், கூரும் நிற்கும், ஆனால் ஈரம் பட்டால் சில மணித்தியாலத்திலேயே கறள் தொடங்கும். கறுவாப்பட்டை நிறத்தில் ஒரு புள்ளி அலகின் நடுவில் விழுந்தால் அது வெறும் கறை. விளிம்பில் விழுந்தால் கதை வேறு. நன்றாகத் தீட்டிய விளிம்பின் நுனி ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அந்த இடத்தில் கறள் தின்பதற்கு என்று மேலதிகமாக எதுவும் இல்லை, தின்றால் விளிம்பே போய்விடும். மயிர் வெட்டித் தேய்வதற்கு முன்பே, பயன்படுத்தாமல் சும்மா கிடக்கும் நேரத்தில் கத்தி மொட்டையாவது இப்படித்தான்.

எங்கள் ஊரில் இது இன்னும் மோசம். வடமராட்சிக் கரையில் காற்றே உப்பு. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணி சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரைப்பதற்குப் பதிலாக வெள்ளைப் படிவாகத் திரளும். அந்தப் படிவு காய்ந்து அலகில் ஒட்டிக்கொண்டால் அதன் கீழே ஈரம் தங்கும். நான் தோலுறைக்குள் போட்டு மூடியது அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. தோல் ஈரத்தைக் குடித்துவைத்து மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சீலைத்துண்டு ஏன் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐயா செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிடியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். "கொம்பு. நல்ல காலம்," என்றார். பிறகு தேடி வாசித்தபோதுதான் காரணம் விளங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யானைத் தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் மாற்றாக செலுலோயிட் பிடிகள் வந்தன. பார்க்க வடிவு. வருசங்கள் போக அந்த செலுலோயிட் தானாகவே சிதையத் தொடங்கும்; அப்போது கிளம்பும் அமிலப் புகை, மடித்து வைத்த அலகை உள்ளே இருந்தே அரிக்கும். துடைத்து, எண்ணெய் போட்டு, எவ்வளவு கவனமாக வைத்தாலும் பிடியே கத்தியைத் தின்றுவிடும். பழைய பொருள் சேர்ப்பவர்கள் இப்படிக் கெட்ட கத்திகளைத் தனியாக எடுத்து வைக்கிறார்களாம், மற்றக் கத்திகளுக்கும் தொற்றாமல்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மிக மெல்லிய சாண்ட் பேப்பரால் அலகின் நீளத்துக்குத் தேய்த்து, கறளை எடுத்தார். மூன்று குழி மிஞ்சியது. மூன்றும் விளிம்புக்குத் தள்ளி. பிறகு சாணைக்கல்லில் தண்ணி தெளித்து, கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளினார். படுக்கவைத்து என்றால் முழுக்கப் படுக்கவைத்து: கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடவேண்டும். முதுகு எவ்வளவு தடிப்பு, அலகு எவ்வளவு அகலம் என்று செய்யும்போதே கணக்கிட்டிருப்பதால், அப்படிப் படுத்தாலே கோணம் தானாக 16, 17 பாகையில் வந்து நிற்கும். கைப்பழக்கத்தைக் கத்தியின் வடிவத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறான் கொல்லன். கல்லில் விளிம்பு முன்னால் போகவேண்டும். தோலில் முதுகு முன்னால் போகவேண்டும். தோலில் நான் மாறித் தேய்த்து, பெல்ட்டில் நீளமாக ஒரு வெட்டுப் போட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

கடைசியில் அவர் தோல்வாரைக்கூட எடுக்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்து, கத்தியை அதில் மேலும் கீழுமாகத் தட்டித் தட்டி இழுத்தார். இருபது தடவை இருக்கும். எனக்கு வயிறு கூசியது.

அந்தக் கத்தி பிறந்த ஊருக்குப் போவோம். ஷெபீல்ட் இங்கிலாந்தின் கத்தி ஊர். 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்ற மணிக்கூட்டுக்காரர், கடிகாரச் சுருளுக்கு நல்ல உருக்கு கிடைக்கவில்லை என்று, மூடிய களிமண் குகைகளில் உருக்கை முழுதாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். சீரான உருக்கு. அதற்குப் பிறகுதான் மெல்லிய விளிம்புள்ள சவரக்கத்தியைப் பெருமளவில் நம்பிச் செய்ய முடிந்தது. உள்ளூர்க் கத்திக் கொல்லர்கள் முதலில் அதைத் தொடவே மறுத்ததாகவும், பிரெஞ்சுக்காரர் அதை வாங்கி நல்ல கத்தி செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் கண் திறந்ததாகவும் ஒரு கதை உண்டு.

குகையில் உருக்குச் செய்வது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்த தொழில். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் கண்டிப் பகுதிகளின் உருக்குத் தொழிலை எழுதிவைத்திருக்கிறார். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து எரிந்த உலைகளை கிலியன் ஜூலெஃப் தோண்டி எடுத்து 1996இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இதைச் சொல்வது 'எல்லாம் எங்களிடம் இருந்தது' என்று மார்தட்ட இல்லை. சவரக்கத்திக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது.

1790களில் இந்திய உருக்குக் கட்டிகள் 'வூட்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்குப் போயின. உருக்கு, உக்கு என்ற எங்கள் பக்கத்துச் சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் ஜேம்ஸ் ஸ்ரோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரும் ஒருவர். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் ஒரு கொல்லனின் மகன், மைக்கல் பரடே. ஓம், மின்சாரத்துப் பரடேதான். இருவரும் 1820இலும் 1822இலும் உருக்குக் கலவைகள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது இரண்டு விசயம்: வெட்டுக் கருவிகளுக்கு இன்னும் நல்ல உருக்கு, இன்னும் குறைவாகக் கறள் பிடிக்கும் உருக்கு. வெள்ளி, பிளற்றினம், ரோடியம் என்று விலை உயர்ந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கறள் பிரச்சினை தீரவில்லை. ஆனால் அந்தக் கலவை ஒன்றில் செய்த சவரக்கத்திகளைப் பின்னாளில் பரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பாராம். அந்த நண்பர்களும் சவரம் முடிந்ததும் துடைத்து வைக்கவேண்டித்தான் இருந்திருக்கும்.

ஷெபீல்டில் கத்தியைக் கூராக்கியவர்கள் சாணைக்காரர். பெரிய சக்கரக் கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்து வேலை. முள்ளுக்கரண்டிகளை உலர்வாகவே தேய்த்தார்கள். சவரக்கத்திகளை ஈரமாகவும் உலர்வாகவும். உலர்ந்த கல்லில் கிளம்பும் தூள் நேரே நெஞ்சுக்குள் போகும். உலர்சாணைக்காரரின் சராசரி ஆயுள் 35ஐத் தொடுவதே கடினம், ஈரச்சாணைக்காரர் 45ஐத் தாண்டுவது அரிது என்று, அந்த ஊர் வைத்தியர் ஒருவரை ஆதாரம் காட்டி, எங்கெல்ஸ் 1845இல் எழுதினார். என் கத்தியின் வயது எனக்குத் திருத்தமாகத் தெரியாது. அதைத் தேய்த்தவன் அம்மப்பா அளவுக்கு வாழ்ந்திருப்பானோ என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கத்தியைச் செய்வது ஒரு வேலை. தினமும் அதைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. ஐரோப்பாவில் கனகாலம் அது பாபருடைய வேலையாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1540இலிருந்து 1745 வரை பாபர்களும் சத்திரசிகிச்சை செய்பவர்களும் ஒரே சங்கம். கத்தியைக் கூராகவும் துப்புரவாகவும் வைத்திருக்கத் தெரிந்தவன் கட்டியையும் கீறலாம், இரத்தமும் எடுக்கலாம். எங்கள் பக்கத்திலும் நாவிதருக்கு 'மருத்துவர்' என்றும், பிள்ளைப்பேறு பார்த்த அவர்களின் பெண்களுக்கு 'மருத்துவச்சி' என்றும் பெயர் இருந்தது.

தன் முகத்தைத் தானே வழிக்கலாம் என்பது புதிய யோசனை. லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் 1664 ஜனவரியில் தானே சவரக்கத்தி பிடிக்கத் தொடங்கியதை எழுதிவைத்திருக்கிறார், காசும் நேரமும் மிச்சம் என்று. 1769இல் பாரிசில் ஜோன் ஜாக் பெரே என்ற கத்திக் கொல்லர், ஆண்கள் தாங்களே சவரம் செய்யப் பழகுவதற்கென்று முழுப் புத்தகமே போட்டார். தோலை வெட்டாமல் இருக்க அலகுக்கு மரக்காப்பு ஒன்றும் செய்து பார்த்தார். அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விசயம், வழிப்பதைச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. கல்லும் தோல்வாரும் எப்படித் தெரிவது, எப்படிப் பாவிப்பது என்றும் இருக்கிறது. கத்தியைப் பார்க்கத் தெரியாதவனுக்குக் கத்தி கொடுத்துப் பிரயோசனமில்லை என்று கொல்லனுக்குத் தெரியும்.

பணக்காரர் வேறு வழி பார்த்தார்கள். ஏழு கத்தி கொண்ட பெட்டிகள் விற்பனையானது அதற்குத்தான்: ஒவ்வொரு கத்தியின் முதுகிலும் கிழமையின் ஒரு நாள் பெயர். திங்கள் கத்தி அடுத்த திங்கள் வரை 'ஓய்வு' எடுக்குமாம். ஓய்வெடுத்தால் விளிம்பு தானாக நேராகும் என்று நம்பினார்கள். என் கணிப்பு, ஏழு நாள் காயவிட்டதுதான் அதைக் காப்பாற்றியிருக்கும். அந்த ஏழையும் காலையில் துடைத்துத் தோல்வாரில் இழுத்து வைத்தது பெரும்பாலும் வேலைக்காரன்.

இனி எங்கள் திண்ணைக்கு வருவோம்.

கத்தியைத் திருப்பித் தரும்போது ஐயா பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எனக்குத் தெரிஞ்ச கத்தி, தம்பி."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"உங்கட அம்மப்பாட கத்தி. ஊராருக்கு வழிக்கிற கத்தி தன்ர முகத்தில படக்கூடாதெண்டு தனிக்கத்தி வைச்சிருந்தவர். ஆனா அவர் ஒருநாளும் இதைப் பிடிச்சதில்லை. எங்கட அப்பா கிழமைக்கு ரெண்டு தரம் வருவார். நான் அப்ப சின்னப் பெடியன், அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால வருவன்."

அடைப்பம் என்றால் நாவிதரின் ஆயுதப் பை. எங்கள் தலைமுறையில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நான் அவரிடம்தான் முதல் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் அதற்குக் குடிமை என்று பெயர். இந்தக் குடும்பத்துக்கு இந்த நாவிதர், இந்த வண்ணார் என்று பரம்பரையாகக் கட்டிவைத்த முறை. கூலி நாளுக்கு நாள் இல்லை, அறுவடைக்கு நெல்லாக வரும். நல்லது கெட்டதுக்குச் சடங்குக் கடமைகளும் உண்டு. நாவிதர் வீட்டுக்குள் வரமாட்டார். முற்றத்திலோ கிணற்றடியிலோதான் சவரம். முடிந்ததும் வழிக்கப்பட்டவர் முழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. எங்கள் வீட்டில் இப்பவும் தலைமயிர் வெட்டிவிட்டு வந்தால் அம்மா நேரே கிணற்றடியைத்தான் காட்டுவா. 'மயிர் கொட்டும்' என்றுதான் காரணம் சொல்வா. மயிர் மட்டும்தான் காரணம் என்றால் தோளைத் தட்டிவிட்டு வந்தால் போதாதா?

தமிழில் கத்தியைக் கூராக்குவதும் தீட்டு, தீண்டலால் வருவதாகச் சொல்லும் அசுத்தமும் தீட்டு. ஒரே எழுத்துகள். சவரம் முடிந்த பிறகு அந்தக் கிணற்றடியில் இரண்டு கழுவல் நடந்தது. நாவிதர் கத்தியைக் கழுவினார். வழிக்கப்பட்டவர் நாவிதரைக் கழுவினார். கறளைத் தடுத்தது முதலாவது. இரண்டாவது எதைத் தடுத்தது என்று எந்த அம்மப்பாவும் தன் பேரப்பிள்ளைக்கு விளங்கப்படுத்தியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"கழுவிப்போட்டு அப்பா என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"முதுகுப்பக்கத்தால பிடிச்சு விளிம்புக்கு வெளியால துடைப்பார். விளிம்பு வழிய நீளத்துக்கு இழுக்கிறதில்லை, கையும் போகும் கத்தியும் போகும். பிடியின்ர இடுக்குக்க சீலையை விட்டு எடுப்பார். அந்த ஆணியடியில ஈரம் நிண்டா உங்களுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழிச்சுத்தான் தெரியும். பேந்து உள்ளங்கையில நாலு இழுவை, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சீலையில சுத்தி, உங்கட ஆக்களிட்டக் குடுக்கமாட்டார், திண்ணை விளிம்பில வைப்பார். பிறகு அம்மம்மா ஆரையும் விட்டு எடுப்பிப்பா."

உள்ளங்கை இழுவை ஏன் என்றும் கேட்டேன். விளிம்பை நேராக்குவது ஒன்று. அதைவிட, கண்ணுக்குத் தெரியாத கடைசி ஈரத்தைக் கையின் சூடு எடுத்துவிடும் என்றார். ஐரோப்பியக் கைநூல்கள் சவரம் முடிந்ததும் உலர்ந்த துணிவாரில் சில தடவை இழுக்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். தேங்காயெண்ணெய் நாட்பட்டால் பிசுக்காகும் என்று இப்ப தையல்மெசின் எண்ணெய் போடுகிறாராம்.

ஆக, எங்கள் வீட்டு லாச்சியில் நான் அம்மப்பாவின் கவனம் என்று நினைத்து வியந்த மினுக்கம் அம்மப்பாவுடையது அல்ல. நான் எறிந்த சீலையும் அவருடையது அல்ல.

"அப்பாவை அம்மப்பா எப்பிடிக் கூப்பிடுவார், ஐயா?"

அவர் சிரித்தார். "பேரைச் சொல்லித்தான். அப்பாவுக்கு அவரைவிட இருபது வயசு கூட." அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சலூன் இந்த இடத்தில்தான் பெரிய மாற்றம். நாங்கள் சலூனை அலங்காரத்தின் வரலாறாகப் பார்க்கப் பழகிவிட்டோம்: கண்ணாடி, சுழல்கதிரை, சினிமாப் படம், பேப்பர். கத்தியின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது இடம் மாறிய கதை. கத்தி திண்ணையை விட்டு வெளிக்கிட்டுத் தன் சொந்தக் கூரையின் கீழ் வந்தது. நெல்லுக்குப் பதில் காசு. வருகிறவர் கதிரையில் இருப்பார், தலையைக் குனி என்றால் குனிவார். ஆனால் அதற்காகச் சாதி கதவுக்கு வெளியே நின்றுவிடவில்லை. யாரைக் கதிரையில் இருத்துவது, யாரை இருத்தாமல் அனுப்புவது என்ற கேள்வி பல சலூன்களுக்குள்ளும் கனகாலம் இருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நேர்மையில்லை.

யாழ்ப்பாணத்துச் சலூன் என்றால் டொமினிக் ஜீவாவைச் சொல்லாமல் போகமுடியாது. 1927இல் பிறந்தவர், பள்ளிக்கூடத்தை இளவயதிலேயே விட்டவர், கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் தொழில் செய்தபடியே சிறுகதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்பு சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் தொடக்ககாலம் அந்தச் சலூனோடு பிணைந்தது. சவரத்துக்கு வந்தவர்களும் இலக்கியத்துக்கு வந்தவர்களும் ஒரே வாசலால்தான் வந்தார்கள். தன் தொழிலை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. எழுதுவதற்கும் தீட்டுவது என்று ஒரு பொருள் தமிழில் உண்டு.

கறளைக் காசாக்கிய ஆள் அமெரிக்காவில் இருந்தார். கிங் காம்ப் ஜிலெட். தீட்டத் தேவையில்லாத, மொட்டையானால் எறிந்துவிடுகிற மெல்லிய பிளேட் என்ற யோசனை அவருக்கு 1895இல் வந்தது. 1901இல் கம்பனி, 1904இல் காப்புரிமை. 1903இல், விற்பனையின் முதல் வருசத்தில், போனது 51 ரேசரும் 168 பிளேட்டும்தான். முதலாம் உலகப்போரில் அமெரிக்க அரசு படையினருக்கென்று 35 இலட்சம் ரேசர் வாங்கியதோடு கதை தலைகீழானது. பதுங்குகுழிக்குள் தோல்வாரைக் கட்டி யார் தீட்டுவது? ஊர் திரும்பியவர்கள் பிளேட்டோடு திரும்பினார்கள். அந்தக் கால விளம்பரங்கள் கூர்மையைவிட அதிகமாகச் சொன்னது தோல்வாரும் வேண்டாம், சாணையும் வேண்டாம் என்பதைத்தான். விற்றது பிளேட் அல்ல, துடைக்காமல் விடும் சுதந்திரம்.

பகிடி என்னவென்றால், அந்த பிளேட்டுகளும் கரிம உருக்குத்தான். கறள் பிடித்தன. அதனால் கம்பனிக்கு நட்டமில்லை, கறள் பிடித்தால் இன்னொன்று வாங்குவார்கள். ஷெபீல்டின் ஹரி பிரியர்லி 1913இலேயே குரோமியம் சேர்த்துக் கறள் பிடிக்காத உருக்கைச் செய்துவிட்டார், அதுவும் துப்பாக்கிக் குழாய் அரிப்பைத் தேடப்போய். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அந்த ஊர்க் கொல்லர்களே அவரைக் கேலி செய்தார்களாம். கறள் பிடிக்காத பிளேட்டை வில்கின்சன் சுவோர்ட் சந்தைக்கு விட்டுப் பெயரெடுத்தது 1962இல். ஏறத்தாழ ஐம்பது வருச இடைவெளி.

கறள் போனாலும் தேய்வு போகவில்லை. 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள், சவரம் செய்த பிளேட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், சரிந்து வளைந்து விளிம்பில் படும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீரில்லாத இடத்தில் சின்னச் சின்னச் சில்லுகள் கழன்றுபோகின்றன. சில்லுப்போன விளிம்பைப் பழைய ஆட்கள் கல்லில் தேய்த்துத் திரும்ப எடுத்தார்கள். நாங்கள் குப்பைக்குள் போடுகிறோம்.

நான் பழையதைக் கொண்டாட வரவில்லை. ஐயாவின் சலூனில் இப்ப யாருக்கும் அந்த மாதிரிக் கத்தி போடுவதில்லை. பிளேட்டை இரண்டாக முறித்துப் பிடியில் செருகி, ஒரு ஆளுக்கு ஒன்று. ஒரே கத்தியைத் துடைத்துத் துடைத்து அடுத்த முகத்தில் வைத்தால், துடைப்பதற்குப் போகாதது இரத்தத்தில் போகும்; ஈரல் அழற்சி பி, எச்ஐவி எல்லாம் வந்த பிறகு உள்ளங்கைத் தீட்டலைப் பொதுக்கடையில் நியாயப்படுத்த ஏலாது. அவருக்கே அது விளங்கும். இருந்தாலும் பழைய கத்தி ஒன்று மேசையடியில் இருக்கிறது. தொண்ணூறுகளில், சவர்க்காரமே தேடித் திரிந்த காலத்தில், பிளேட்டுக்கும் தட்டுப்பாடு வந்தபோது அதைத்தான் திரும்ப எடுத்தாராம். கொதிதண்ணிக்குள் போட்டுப் போட்டு.

காசு கேட்டேன், வாங்கவில்லை. கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, உங்கள் அப்பா பார்த்த கத்தி என்றேன். சொல்லும்போதே பிழை என்று தெரிந்தது. அவர் தலையாட்டினார்.

"உங்கட வீட்டுக் கத்தியை இன்னும் நாங்கள் பாக்கவேணுமோ? நீங்கள் பழகுங்கோ."

பழகுகிறேன். சுடுதண்ணியில் அலசி, முதுகுப்பக்கத்தால் துடைத்து, இடுக்குக்குள் சீலை விட்டு, பாதி திறந்தபடி அரை மணித்தியாலம் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய். ஐந்து நிமிட வேலை, காய்கிற நேரம் தவிர. மூன்று குழியும் அப்படியே இருக்கின்றன, நாலாவது வரவில்லை. தோலுறையை எறிந்துவிட்டு, என் பழைய சேர்ட் ஒன்றைக் கிழித்துச் சீலை எடுத்தேன்.

வைக்கிற இடம்தான் சிக்கல். குளியலறை கூடாது, யன்னலடியில் உப்புக்காற்று. எங்கள் வீட்டில் ஈரம் அண்டாத ஒரே இடம் அடுப்படி, புகட்டுக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் போத்தல் வைக்கும் தட்டு. முதல்நாள் அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

"ஆரடா சவரக்கத்தியை அடுப்படிக்க கொண்டந்து வைச்சது?"

கழுவித்தான் வைத்தேன் என்றேன். அம்மா அதை இரண்டு விரலால் சீலையோடு தூக்கிக்கொண்டுபோய்த் திண்ணை விளிம்பில் வைத்தா. நான் திரும்ப எடுத்துவந்து தட்டில் வைத்தேன். இது நடந்து இப்ப மூன்றாவது கிழமை.